பதினொன்றில் நின்ற திருகு

ஞாயிறு, காலை 11.26. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாவது வளைவில் நெவியோ விழுந்தான். காரை எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் அவனை ஃபாயென்ஸா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வண்டி கீறல்களோடு கூடாரத்துக்குத் திரும்பியது.

11.50. அணியின் முதலாளி வால்தெர் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைச் சரிசெய்தது மெக்கானிக் மிர்னா. எனவே தப்பு அவளுடையது. சங்கத்துக்குப் புகார் போனால் அவளுடைய பந்தய அனுமதி பறிபோகும். பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்தது இந்த வேலை ஒன்றுதான். மிர்னாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பந்தயத்தின் தொழில்நுட்பப் பரிசோதகர் ஒர்னெல்லா கையிலிருந்த பியாதீனா ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுத்தான் வந்தார். அந்த அம்மாள் அவசரப்பட்டு எங்கள் ரொமாஞ்யாவில் யாரும் பார்த்ததில்லை.

ஃபோர்க்கின் இரண்டு கால்களின் உச்சியிலும் ஒரு மூடி உண்டு. எண்ணெயும் சுருள்வில்லும் வெளியே வராமல் அடைத்து வைப்பது அதன் வேலை. மூடியின் நடுவில் இருக்கும் சின்னத் திருகு, எண்ணெய் போகும் வழியைக் குறுக்கும் அல்லது அகட்டும். இந்த வண்டியில் இடதுகால் திருகு ஃபோர்க் அமுங்கும் வேகத்துக்கு. வலதுகால் திருகு அது மேலே எழும் வேகத்துக்கு. திருப்பும்போது ஒவ்வொரு 'டிக்'கும் விரலுக்குத் தெரியும். முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை டிக் திறந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. மிர்னா சட்டைப்பையில் வைத்திருந்த தாளில் இடது பன்னிரண்டு, வலது பதினான்கு.

ஒர்னெல்லா இடது திருகை மூடி எண்ணினார். பதினொன்று. வலது திருகு அசையவே இல்லை.

"வலது முழுசா மூடிக் கிடக்கு. அமுங்கினது எழுந்திரிக்க நேரமே இல்ல. குலுக்கல் வரிசையா வந்தா அமுங்கி அமுங்கிக் கடைசில அடியில உட்கார்ந்துடும். அவன் விழாம என்ன செய்வான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். திறக்க மறந்துட்டா," என்றார் வால்தெர்.

விசாரணை நிதானமாக நடந்தது. மிர்னா திருகுகளை வைத்தது 10.30க்கு, கைப்பிடியை அமுக்கிப் பார்த்தபோது ஃபோர்க் நன்றாகவே எழுந்தது. 10.50க்குப் பெட்ரோல் வரிசைக்குப் போனவள் 11.10க்குத் திரும்பினாள். அதன்பின் வண்டியை விட்டு நகரவில்லை, 11.20க்கு நெவியோ கிளம்பினான். இடைப்பட்ட இருபது நிமிடத்தில் கூடாரத்துக்குள் வந்தவர்கள் மூன்று பேர். டயர்காரர் ப்ரீமோ. ஸ்பேனர் இரவல் கேட்டு வந்த பக்கத்து அணி மெக்கானிக் எஜிஸ்தோ. அப்புறம் வால்தெர், 11.05க்கு ஒலிபெருக்கி முதலாளிகளைக் கூட்டத்துக்கு அழைக்கும்வரை அவர் உள்ளேதான் இருந்தார். அடுத்த மாதம் இரண்டாவது வண்டியில் தன் அண்ணன் மகன் இறங்கப்போகிறான் என்பதையும் அந்தச் சாக்கில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

எல்லோர் பார்வையும் எஜிஸ்தோ மேல்தான். அவனுடைய அணி நெவியோவைவிட இரண்டே புள்ளி பின்தங்கியிருந்தது.

12.15. ஒர்னெல்லா ஓர் உதிரி ஃபோர்க்கை மேசைமேல் வைத்தார். "மூடிட்டு, பத்து திறங்க. வாய்விட்டு எண்ணணும்."

எஜிஸ்தோ மூடினான். திறக்கும்போது வந்த முதல் டிக்குக்கு வாய் திறக்கவில்லை. இரண்டாவதுக்குத்தான் "ஒன்னு" என்றான். ப்ரீமோவும் மிர்னாவும் அப்படியே. வால்தெர் முதல் டிக்கிலேயே "ஒன்னு" என்று ஆரம்பித்தார்.

ஒர்னெல்லா கையைத் துடைத்துக்கொண்டார்.

"மூடின இடத்துல வர்ற முதல் டிக் பூஜ்யம். ஸ்பேனர் பிடிச்சவன் அதை எண்ண மாட்டான். நீங்க எண்ணுறீங்க. அதனால நீங்க பன்னெண்டு திறந்தா உண்மையில பதினொன்னுலதான் நிக்கும். எல்லாரும் மூடிக் கிடந்த வலது காலையே பார்த்தோம். கெடுக்க வந்தவன் இடதுல ஒரே ஒரு டிக் ஏன் குறைக்கணும்? யாரும் கெடுக்க வரல, வால்தெர். மிர்னா வச்ச எண்ணைத் திருட வந்தீங்க. இடதை மூடுறப்ப சரியா பன்னெண்டு எண்ணிட்டு, திரும்பத் திறக்குறப்ப ஒன்னு தவறிட்டீங்க. வலதை மூடி எண்ணி முடிச்சப்ப ஒலிபெருக்கி கூப்பிட்டுது, திறக்காமலே போயிட்டீங்க."

வால்தெர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திரும்பி வந்தப்ப அவ பக்கத்துலயே நின்னா. எப்படித் தொடுறது? நெவியோ சமாளிச்சுப்பான்னு நெனைச்சேன்." எண்களை அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டு மிர்னாவை வேலையை விட்டு அனுப்புவதுதான் திட்டம் என்பதையும் மெல்ல ஒப்புக்கொண்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நெவியோவின் எலும்பு முறிந்திருக்காது. எனக்கு அந்த ஆள்மேல் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

விபத்துக்கு மெக்கானிக் பொறுப்பல்ல என்று அறிக்கையில் எழுதி ஒர்னெல்லா கையெழுத்திட்டார். மிர்னா கையுறையைக் கழற்றினாள். பிறகு வால்தெரிடம் சொன்னாள்.

"அது நெவியோவோட எடைக்கு வச்ச எண். உங்க அண்ணன் பையன் அவனைவிட இருபது கிலோ கூட. அந்த எண்ணோட ஓட்டினா முதல் வளைவுலயே விழுந்திருப்பான். என்கிட்ட கேட்டிருந்தா அவனுக்குத் தனியா பார்த்து நானே எழுதிக் கொடுத்திருப்பேன்."

மிர்னா நெவியோவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.