ஒரு பேருக்கு ஒரு கை

நாகர்கோவிலில் இப்போதெல்லாம் டீக்கடைக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை, உள்ளங்கையைத்தான் பார்ப்பார். வெறுங்கை என்றால் கண்ணாடி கிளாஸ். பேர் வெட்டிய கை என்றால் காகிதக் கப், அதுவும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் குடிக்க வேண்டும். எப்சிபா டீச்சருக்கு என்றும் கண்ணாடி கிளாஸ்தான். குடித்துவிட்டு, பேர் வெட்டும் பொறிப்பகத்துக்கு வேலைக்குப் போவார்.

சிறைகளை மூடிய பிறகு வந்த சட்டம் இது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், போனவரின் பேரை ஒளியுளி என்ற லேசர் கருவி காரணமானவரின் உள்ளங்கையில் வெட்டும். ஒரு பேருக்கு ஒரு கைதான். வெட்டி முடிந்ததும் அந்த வழக்கு அடைபட்டுவிடும், பிறகு யாராலும் திறக்க முடியாது. பேர் வெட்டிய கை பிள்ளை வளர்க்கவும் கூடாது.

சட்டம் எழுதியவர்கள் எபிரேயம் படித்த டீச்சரைத்தான் முதலில் தேடி வந்தார்கள். பழைய வேதத்தில் 'ஹாகாக்' என்றொரு வினை உண்டே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். "மையால எழுதுறது இல்ல, கல்லுல வெட்டுறது. சட்டம் விதிக்கிறதுக்கும் அதே சொல்தான்" என்றார் டீச்சர். இது போதும் என்றார்கள். மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம். நல்ல பதவி கண்முன்னே நின்றது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர்தான் சொற்சாட்சி. அவர் குரலில் தீர்ப்பு வாசகம் கேட்டால்தான் ஒளியுளி விழிக்கும்.

அன்று வந்தவள் ஷைனி, கடற்கரைக்காரி. இடுப்பில் பால்குடி மாறாத பெண் குழந்தை. தண்ணீர்த் தொட்டியை மூட மறந்துவிட்டாள், மூத்தவன் ஜெபின் அதில் விழுந்து இறந்துவிட்டான். குழந்தையைக் கொண்டுபோகக் காப்பகத்துக்காரி வாசலிலேயே காத்திருந்தாள்.

"பேர வெட்டுங்க டீச்சர், எனக்குச் சம்மதம்" என்றாள் ஷைனி. "வெட்டாட்டியும் அது நெஞ்சுல கெடந்து அறுக்கத்தான் செய்யுது. ஆனா இவளையும் ஏன் பறிக்கணும்? அந்த வேதத்துல யாரு கையிலதான் வெட்டுனாங்க?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"கடவுள் தன் ஜனத்தைத் தன் உள்ளங்கையில வெட்டிக்கிட்டார், மக்ளே. பால்குடிக்கிற பிள்ளையத் தாய் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்னு சொல்லி."

"அடுத்தவங்க கையப் பிடிச்சு வெட்டலியா?"

"இல்ல. அநியாயமாச் சட்டம் வெட்டுறவங்களுக்குக் கேடுன்னுகூட இதே சொல்ல வச்சுத்தான் சொல்லியிருக்கு. நான் அதைச் சட்டம் எழுத வந்தவங்ககிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும்."

கருவியை இயக்கும் ராஜசிங் கடிகாரத்தைப் பார்த்தார். "டீச்சர், நீங்க மாட்டேன்னா நாளைக்கு வேற சாட்சி வருவாரு. வேலை நிக்காது."

அது டீச்சருக்கும் தெரியும். ஜெபின் என்ற பேர் ஏற்கெனவே திரையில் ஏறியிருந்தது. ஒளியுளிக்கு அது யாருடைய கை என்ற கவலை கிடையாது, ஒரு கை வந்தால் போதும். டீச்சர் தன் வலது கையைக் கருவியின் தட்டில் வைத்து, வாசகத்தைச் சத்தமாகச் சொன்னார்.

"ஐயோ டீச்சர், கைய எடுங்க" என்று ராஜசிங் ஓடி வருவதற்குள் சதை கருகும் வாடை வந்துவிட்டது. திரையில் வழக்கு அடைபட்டது. காப்பகத்துக்காரி திரையை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, குழந்தையை வாங்காமலே படியிறங்கிப் போனாள்.

ஷைனி கும்பிடவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு டீச்சரின் கையையே பார்த்தாள். "எம் பிள்ளை பேரு உங்க கையில போயிட்டே" என்றாள். ஒரு தாயைக் காப்பாற்றப் போய், அவளுடைய மகனின் பேரையே பிடுங்கிக்கொண்டோமே என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் குரலில் வெட்டுப்பட்ட மற்றக் கைகளெல்லாம் அப்படியேதான் இருந்தன.

மறுநாள் டீக்கடைக்காரர் டீச்சரின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார், தயங்கினார், காகிதக் கப்பை எடுத்தார். டீச்சர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அங்கே ஷைனி நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"கட்டை அவுருங்க. அவனைப் பாக்கணும்."

டீச்சர் அவிழ்த்தார். ஷைனி வெந்த எழுத்துகளின் மேல் மெல்ல ஊதினாள், பிறகு ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது. டீச்சர் கையை இழுக்கவில்லை.

"நாளைக்கும் வருவேன்" என்றாள் ஷைனி.

"வா மக்ளே" என்றார் டீச்சர்.