அம்பு போட்ட ஃபைல்

கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன.

"என்ன கேக்குது?" என்றான் ஜெகன்.

செல்வப்பிரியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "லிங்க் உடைஞ்சு போச்சாம். குப்பைத் தொட்டியில போட்டுரவான்னு கேக்குது."

"உடைஞ்சு போச்சா? நான் மெதுவாத்தானே தொட்டேன்!"

ஜெகன் மவுசைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தான். அங்கே சிவப்பு வெளிச்சம் மட்டும் எரிந்தது. உடைந்த மாதிரி எதுவும் தெரியவில்லை.

அவர்கள் இருவரும் சூரியநெல்லிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அன்று பள்ளி ஆண்டுவிழா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து 'எங்கள் மலை' என்று ஒரு புத்தகம் செய்திருந்தார்கள். எஸ்டேட்டைப் பற்றி, யானைகளைப் பற்றி, மழையில் ஒழுகும் கூரையைப் பற்றியெல்லாம் எழுதிப் படமும் வரைந்திருந்தார்கள். கையால் எழுதிய தாள்கள் பள்ளிகளுக்கான ஒரு போட்டிக்குப் போய்விட்டன. அதற்கு முன்பே கத்தரீனாள் டீச்சர் அவற்றைச் சின்னக்கானல் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஒரே ஃபைலாக மாற்றி வாங்கி வந்திருந்தார். இன்று அதைத்தான் ஹாலில் பெரிய திரையில் காட்டப் போகிறார்கள்.

பறித்த தேயிலைக்கு மத்தியான எடை போட்டு முடிந்ததும் அம்மாக்கள் எல்லோரும் கொழுந்துக் காட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு வருவார்கள். ஜெகனின் அம்மா கற்பகம் நேற்றே சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்துவிட்டார். ஏனென்றால் புத்தகத்தின் அட்டைப் படம் ஜெகன் வரைந்தது.

இப்போது அந்தப் புத்தகம் திறக்கவில்லை.

"பிரியா, 'ஆமா'ன்னு அமுக்கிப் பாப்போமா?" என்றான் ஜெகன்.

"வேணாம். நமக்கே ஒண்ணும் புரியல. புரியாததுக்கு எதுக்கு ஆமான்னு சொல்லணும்?"

அவள் மற்றப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி மறைந்தது. திரையில் 'எங்கள் மலை' என்ற ஃபைலின் குட்டிப் படம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் மூலையில் குட்டியாக ஓர் அம்புக்குறி இருந்தது.

"நேத்து இதே இடத்துல ரெண்டு 'எங்கள் மலை' இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள் செல்வப்பிரியா.

ஜெகன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மட்டும்தான் இருந்தது.

"ஜெகா!"

"இருந்துச்சு. காலையில நான்தான் ஒண்ணைத் தூக்கிப் போட்டேன்."

"ஏன்லே?"

"கொழுந்து எடை போடுற எடத்துல ஒரே நம்பர்ல ரெண்டு சாக்கு வந்தா என்ன செய்வாங்க? ஒண்ணைத் தள்ளி வச்சிருவாங்க. இல்லன்னா சண்டைதான் வரும். எங்கம்மா தெனமும் சொல்லும். அதான் நானும் ஒண்ணைத் தள்ளிட்டேன்."

"சரி, அதுல எதை வச்சிக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"பாத்து முடிச்ச சாக்குல சாக்பீஸால குறி போடுவாங்கல்ல? இதுலயும் அம்பு போட்டிருந்துச்சு. இதுதான் நல்லதுன்னு நெனச்சேன். குறி இல்லாததைத் தூக்கிப் போட்டேன்."

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்கேயோ தப்பு நடந்திருந்தது. செல்வப்பிரியா தலையைச் சொறிந்தாள்.

"சரி, பயப்படாத. போட்டது குப்பைத் தொட்டியில கெடக்கும். எடுத்துருவோம்."

ஜெகன் மவுசின் ஒயரை விரலில் சுற்றினான்.

"இன்னும் என்ன?"

"தொட்டியையும் காலி பண்ணிட்டேன். குப்பையை அப்படியே வச்சா எலி வருமுல்ல?"

"கம்ப்யூட்டருக்குள்ள எலி வருமா!"

"பழக்கமாயிருச்சு பிரியா. எங்க லயத்து வீட்டு வரிசையில தெனமும் நான்தான் குப்பை கொட்டுவேன்."

செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஜெகனின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"டீச்சர்கிட்ட சொல்லிராத. எல்லாரோட படமும் போச்சு. நம்ம வகுப்பே என்னை அடிக்க வரும்."

"முதல்ல தேடுவோம். அழுவுறதை அப்புறம் வச்சிக்கலாம்."

அவள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் 'ஃபைல்ஸ்' என்ற செயலியைத் திறந்தாள். அலமாரி மாதிரி வரிசையாகப் பெட்டிகள் விரிந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். ஒன்றில் போன வருடத்து ஓணப் பூக்களம் இருந்தது. இன்னொன்றில் எச்.எம்.மின் கடிதங்கள் இருந்தன. மற்றொன்றில் யாரோ வரைந்து பாதியில் விட்ட ஆடு இருந்தது.

"இது ஆடா, நாயா?" என்றான் ஜெகன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதை அப்புறம் பாக்கலாம்."

தேடும் இடத்தில் 'எங்கள் மலை' என்று தட்டச்சு செய்தாள். ஒன்றே ஒன்று வந்தது. அதே அம்பு போட்டதுதான்.

"சமீபத்தில் பார்த்தவை" என்ற பகுதியைத் திறந்தாள். அங்கே புத்தகத்தின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"இருக்கு! இருக்கு!" என்று ஜெகன் குதித்தான்.

அவள் அதைச் சொடுக்கினாள். 'கிடைக்கவில்லை' என்றது கம்ப்யூட்டர்.

"பேரு மட்டும் இருக்கு, ஆளு இல்லையா? இது என்ன கூத்து!" என்று ஜெகன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செல்வப்பிரியாவுக்கும் குழப்பம்தான். இருக்கிறது, ஆனால் இல்லை. தெரிகிறது, ஆனால் திறக்கவில்லை. அவள் அந்தக் குட்டி அம்பையே உற்றுப் பார்த்தாள்.

அம்பு எதற்கு? அவர்கள் ஊர் முக்கில் ஓர் அம்பு உண்டு. 'கொழுக்குமலை' என்று எழுதிய பலகையில் வரைந்தது. வெளியூர்க்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பலகை இருக்கும் இடத்தில் மலை இல்லை. மலைக்கு இன்னும் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும்.

"ஜெகா, இது புத்தகமே இல்ல போல. புத்தகம் எங்க இருக்குன்னு கைகாட்டுற பலகை!"

"அப்ப நான் தூக்கிப் போட்டதுதான் புத்தகமா?" என்று கேட்டான் ஜெகன்.

"தெரியல. எங்க கைகாட்டுதுன்னு பாப்போம்."

அவள் மவுசின் வலப்பக்கப் பொத்தானை அமுக்கினாள். நீளமாக ஒரு பட்டியல் விழுந்தது. அதில் கடைசியில் இருந்ததைத் தொட்டதும் ஃபைலின் விவரங்கள் வந்தன. 'லிங்க் டார்கெட்' என்ற இடத்தில் ஒரு நீண்ட முகவரி இருந்தது. அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"மீடியா... ஸ்கூல்... பாண்டி சாங்ஸ்... எங்கள் மலை."

"பாண்டி சாங்ஸா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் ஜீப் ஓட்டும் பாண்டி ஒருவர்தான். கருத்தப்பாண்டி மாமா. அவருடைய ஜீப் வருவதற்கு முன்பே அதன் பாட்டு வந்துவிடும்.

"மாமா பாட்டுக்குள்ள நம்ம புத்தகம் எப்படிப் போச்சு?" என்றான் ஜெகன். அவனுக்கு முன்பைவிட அதிகமாகக் குழம்பியது.

"வா, டீச்சர்கிட்ட கேப்போம்."

"ஐயோ!"

"நீ செஞ்சதை நான் சொல்ல மாட்டேன். பாண்டி மாமாவைப் பத்தி மட்டும் கேக்குறேன். வா."

கத்தரீனாள் டீச்சர் ஹாலில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நம்ம புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில எதுல வாங்கிட்டு வந்தீங்க?"

"பென்டிரைவ்லதான். என்னோடது வேலை செய்யல. பாண்டி அண்ணன் ஜீப்லதான் போனேன். அவர் ஜீப்ல பாட்டுப் போட வச்சிருந்ததைக் கழட்டிக் குடுத்தாரு. ஏன்?"

"அது இப்ப எங்க டீச்சர்?"

"அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டேனே. அதான் நம்ம கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணியாச்சே!"

"கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

டீச்சர் வந்தார். அம்பு போட்ட படத்தைச் சொடுக்கினார். மறுபடியும் அதே பெட்டி வந்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிடவா என்று கேட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அன்னைக்கு நல்லாத் திறந்துச்சே! நானே பாத்தேனே!"

"அன்னைக்கு பென்டிரைவ் இதுல குத்தியிருந்துச்சா டீச்சர்?"

"ஆமா, குத்தித்தான் இருந்துச்சு."

டீச்சர் இன்னொரு தடவை திரையைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "காப்பின்னு நெனச்சு, பக்கத்துல இருந்த லிங்க்கை அமுக்கிட்டேன் போல. புத்தகம் இங்க வரவே இல்ல!"

இவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்ற ஜெகன் வெளியே வந்தான். பிரியா சொல்லவில்லை. அவனுக்கே பொறுக்கவில்லை.

"டீச்சர், இன்னொரு 'எங்கள் மலை' இருந்துச்சு. அதை நான் அழிச்சிட்டேன்."

"அதுவா? அது நான் முதல்ல தட்டச்சு செஞ்சு பாத்த ரெண்டு பக்கம். ஊர்ப்பட்ட பிழை. நானே அழிக்கணும்னு இருந்தேன்."

ஜெகன் வாயைப் பிளந்தான். அத்தனை நேரம் பட்ட பயத்தை எங்கே கொண்டு போய் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஆனா கேக்காம அழிக்கக் கூடாதுடா."

"இனிமே எலியே வந்தாலும் அழிக்க மாட்டேன் டீச்சர்."

"எலியா? எந்த எலி?"

டீச்சர் பாண்டி மாமாவுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"பாட்டுச் சத்தத்துல கேக்காது டீச்சர்," என்றாள் செல்வப்பிரியா. அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. மூடுபனிக்குள் எங்கோ 'டம் டம்' என்று ஒரு பாட்டு. அது மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

"நம்ம புத்தகம் வருது!" என்று கத்தினான் ஜெகன்.

மூவரும் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். ஜீப்பின் விளக்குகள் பனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தன. ஜெகன் சாலை ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான். ஜீப் கிறீச்சென்று நின்றது. உள்ளே வெளியூர்க்காரர்கள் போர்வையும் தொப்பியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன டீச்சர், யானை கீனை வந்துருச்சா?" என்று பாண்டி மாமா தலையை நீட்டினார்.

"உங்க பென்டிரைவ் வேணும் அண்ணே. அதுலதான் பிள்ளைங்க புத்தகம் இருக்கு."

"புத்தகமா? இதுல பாட்டுத்தான் இருக்கு!"

"ரெண்டும் இருக்கு மாமா," என்றாள் செல்வப்பிரியா. "இத்தனை நாளும் எங்க புத்தகம் உங்ககூடக் கொழுக்குமலைக்குப் போயிட்டுப் போயிட்டு வந்திருக்கு."

"டிக்கெட் வாங்காமலா?" என்றார் மாமா. பிறகு முகத்தைச் சுளித்தார். "பாட்டு இல்லாம வண்டி ஏறாதேம்மா. இவங்க என்ன நெனப்பாங்க?"

ஜெகன் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டான். "மாமா, எங்கம்மா வருது. நான் வரைஞ்சதைப் பாக்க லீவு சொல்லிட்டு வருது."

மாமா அவனை ஒரு கணம் பார்த்தார். பென்டிரைவைப் பிடுங்கி அவன் கையில் வைத்தார். ஜீப்புக்குள் திடீரென்று அமைதியானது.

"போ. இன்னைக்கு நானே பாடிக்கிறேன்."

ஜீப் கிளம்பியது. வளைவு திரும்பும்வரை மாமாவின் பாட்டு கேட்டது.

"பாவம் அந்த வெளியூர்க்காரங்க," என்றார் டீச்சர்.

செல்வப்பிரியா பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள். அம்பு போட்ட படத்தைச் சொடுக்கினாள். இந்த முறை கம்ப்யூட்டர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. புத்தகம் அட்டையோடு திறந்தது.

"மூடு, மூடு. முதல்ல நெசமாவே காப்பி பண்ணு," என்றார் டீச்சர்.

அவள் ஃபைல்ஸைத் திறந்து, பென்டிரைவுக்குள் போய், முப்பது பாட்டுகளுக்கு நடுவில் ஒளிந்திருந்த புத்தகத்தைக் காப்பி செய்து, பள்ளியின் பெட்டிக்குள் ஒட்டினாள். பிறகு பென்டிரைவை வெளியே எடுத்துவிட்டு, புதிதாக ஒட்டியதைச் சொடுக்கினாள். ஜெகன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"திறந்துச்சா?"

"நீ கண்ணைத் திற. தெரியும்."

புத்தகம் திரையில் இருந்தது. அம்பு இல்லாமல்.

மத்தியானம் ஹால் நிறைந்தது. கொழுந்து வாசனையோடு, செடி ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல், அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. அட்டைப் படம் சுவர் அளவுக்கு விரிந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் நிமிர்ந்து நின்று சிரித்தாள்.

"கற்பகம், அது நீதானடி!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நானா? என் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்றார் கற்பகம். ஹாலே சிரித்தது.

செல்வப்பிரியா அடுத்த பக்கத்துக்குப் போனாள். பிறகு அதற்கடுத்த பக்கத்துக்குப் போனாள். யானை வந்தது, ஒழுகும் கூரை வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அம்மா கைதட்டினார். கடைசிப் பக்கம் முடிந்து டீச்சர் விளக்குப் போட எழுந்தபோது, கற்பகம் கையைத் தூக்கினார்.

"டீச்சர், அந்த மூக்கை இன்னொரு தடவ காட்டுங்க."

செல்வப்பிரியா டீச்சரைப் பார்க்கவில்லை. நேராக முதல் பக்கத்துக்குப் போனாள். கற்பகம் போதும் என்று சொல்லும்வரை அதை மாற்றவே இல்லை.