பின்னால் வர விசை இல்லை

அந்தக் கேசட் முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. நடுவருக்கு அதுவே பிடிக்கவில்லை. நாற்பது வருஷத்துக் கிழட்டுக் கம்ப்யூட்டர் அது. ரப்பர் விசைகள், திரைக்கு ஒரு பழைய டிவி. டேப்ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் கீச்சுக் கீச்சென்று ஐந்து நிமிஷம் கத்தி, விளையாட்டை உள்ளே இழுத்து, கடைசி நொடியில் கழுத்தை அறுக்கும். மூன்று தடவையாவது திரும்பப் போடாமல் எதுவும் ஏறியதாகச் சரித்திரமே இல்லை.

தொழிலில் அவர் டிவி மெக்கானிக். நடுவர் என்பது, இந்தப் பழைய கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு அழும் கூட்டம் வைத்த பட்டம். வேண்டுமென்றே மட்டமாக விளையாட்டு எழுதுவதற்கு வருஷா வருஷம் ஒரு போட்டி நடத்துவார்கள். இருப்பதிலேயே படுமட்டமானதற்குத்தான் பரிசு: பலகையில் ஆணியடித்த உடைந்த ஜாய்ஸ்டிக். இந்த வருஷம் ஒருத்தன் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் விளையாட்டு அனுப்பியிருந்தான், லிஃப்ட் வராது. இன்னொருத்தன் எலுமிச்சம்பழம் உருட்டுவது, உருளாது. எல்லாவற்றையும் நடுவர் கடைசிவரை ஆடிப்பார்த்து, கழுவிக் கழுவி ஊற்றி விமர்சனம் எழுதுவார். அவருடைய வசவை வாங்கத்தான் பாதிப் பேர் அனுப்புவதே. ஒரே விதி, நடுவர் பாதியில் விட்டுவிட்டால் பரிசு அந்த விளையாட்டுக்கே. பன்னிரண்டு வருஷத்தில் அவர் எதையும் பாதியில் விட்டதில்லை.

மத்தியானம் இரண்டு மணி. அவர் மனைவி நர்ஸ், ராத்திரி டியூட்டி முடித்து வந்திருந்தாள். கடைசி அறையில் கனத்த திரைச்சீலையை இழுத்துவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கினாள். படுக்கப் போகும்போதே சொல்லியிருந்தாள்.

"அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. நாலு மணி வரைக்கும் எழுப்பிடாதீங்க. இன்னைக்கும் டியூட்டி இருக்கு."

"உன்னை யாரு எழுப்புறா? நீ நிம்மதியா தூங்கு."

திரையில் ஒரு வீட்டின் வரைபடம் வந்தது. வரைபடமாம்! கோணல்மாணலாக நாலு கோடு. நடுவில் சின்ன அறை. அதில் ஒரு வட்டம். கடைசி அறையில் இன்னொரு வட்டம், நசுங்கிப் படுத்த மாதிரி. பின்கட்டுக் கதவுக்கு வெளியே ஒரு பெருக்கல் குறி. கீழே ஒரே வரி: 'படுத்திருப்பவரிடம் போய்ச் சேர்.'

எந்த விசையைத் தட்டினாலும் பெருக்கல் குறி ஓர் அடி முன்னால் போனது. நடுவர் நோட்டை எடுத்து எழுதினார். 'பின்னால் வர விசையே இல்லை. எழுதியவருக்கு அதற்குக்கூட உடம்பு வளையவில்லை. சமையலறை தாண்டி நடை ஏன் கோணலாக இருக்கிறது? ஸ்கேல் வாங்கக் காசில்லையா?'

தட்டினார். பெருக்கல் குறி பின்கதவுக்குள் நுழைந்தது. கொண்டி விலகும் சத்தம் கேட்டது.

பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டார். பீப் என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வராத மெஷினில் இப்படியொரு சத்தமா? பயல் கேசட்டிலேயே பதிவுசெய்து வைத்திருக்கிறான். டேப்ரிக்கார்டரைப் பார்த்தார். அது எப்போதோ நின்றிருந்தது. சரி, பக்கத்து வீட்டுக் கதவாக இருக்கும். பெரிய அதிசயம்!

இன்னும் நாலு தட்டு. சமையலறை. அவருக்குப் பின்னால், தூரத்தில், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் ஒன்று மெல்ல நகர்ந்தது. பூனை வந்திருக்கும். 'ஒரு தட்டுக்கு ஓர் அடிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. நத்தைக்கே கோபம் வரும்' என்று எழுதினார். எழுதும்போது ஈரச் சாக்கு வாசனை மூக்கில் ஏறியது. வெளியே மழையும் இல்லை, வீட்டில் சாக்கும் இல்லை. டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு மறுபடி தட்டினார்.

பெருக்கல் குறி நடையின் கோணலுக்கு வந்தது.

டக்.

நடுவரின் கை நின்றது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அலமாரி வைப்பதற்காக அவரே சுவரைத் தள்ளிக் கட்டி, நடையைக் கோணலாக்கிய இடத்தில் ஒரு தரை ஓடு பெயர்ந்து கிடந்தது. மிதித்தால் டக்கென்னும். ஆறு மாசமாக மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவரும் நாளைக்கு நாளைக்கு என்று தட்டிக்கழித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தார். பின்கதவு. சமையலறை. கோணல் நடை. நடு அறையில், அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒரு வட்டம். கடைசி அறையில் படுத்திருக்கும் வட்டம்.

நோட்டு மடியிலிருந்து நழுவியது. பிடிக்கப் போன முழங்கை விசைகள்மேல் பட்டது. மூன்று தட்டு.

அவர் முதுகுக்குப் பின்னால் ஏதோ கடந்து போனது. காலடி இல்லை. ஈரத்துணியை இழுத்துப் போகும் சத்தம். பிடரியில் குளிர். திரும்பத் தைரியம் வரவில்லை. வாசனை கடைசி அறைப் பக்கம் போய்விட்டது.

பெருக்கல் குறி படுக்கையறை வாசலில் நின்றது. வட்டத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டே அடி.

பின்னால் இழுக்க விசை இல்லை. அவர்தான் எழுதிவைத்தாரே.

கையை மடியில் கோத்துக்கொண்டார். தட்டாமல் இருந்தால் போதும். தட்டாவிட்டால் நகராது. ஆனால் அது அங்கேயே நிற்கும். அவள் வாசலில். எத்தனை நேரம்?

எட்டி பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணைந்தது. வீடு அமைதியாயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை, பாதியில். போகட்டும், சனியன் ஒழிந்தது. தரித்திரம் பிடித்த விளையாட்டு. பரிசையும் அதுவே எடுத்துக்கொண்டு தொலையட்டும்.

அப்போது கடைசி அறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. அரைத் தூக்கக் குரல்.

"என்னங்க, வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"நான் இங்க இருக்கேன்!" என்று கத்தினார். அவள் காதில் பஞ்சு.

ஓடினார். நடை முழுக்க ஈரம். கால் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தோளால் மோதினார். அசையவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. அவர் படுக்கும் பக்கம்.

"வந்துட்டீங்களா," என்றாள் அவள். லேசாகச் சிரித்தாள். "கை ஏன் இவ்ளோ ஈரமா இருக்கு?"