குமணன் மூட்டிய அடுப்பு

"மங்கை, கடைசியா ஒருவாட்டி கேக்கறேன். உள்ள போயே ஆகணுமா? இந்தக் குகையில குட்டிச்சாத்தான் இருக்காம். நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்குமாம்!"

"உக்காந்தா எழுப்பி விட்டுக்கலாம். நீ டார்ச்சைப் பிடி ஜெரால்டு!"

மங்கையர்க்கரசி முதலில் தவழ்ந்து நுழைந்தாள். முணுமுணுத்தபடியே பின்தொடர்ந்தான் ஜெரால்டு, அவளோடு ஜியாலஜி படித்த நண்பன். கருங்கூகை மலையில் வெள்ளிப் புதையல் இருக்கிறதென்று நேற்று தனியாகக் கிளம்பிய தம்பி குமணன் வீடு திரும்பவில்லை. அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவன் இல்லாமல் மலை இறங்குவதில்லை என்று மங்கை முடிவு செய்திருந்தாள்.

பொந்து போன்ற வழி, திடீரென்று ஒரு கூடமாக விரிந்தது. நடுவே இடிந்துபோன ஒரு பழைய உலை. அதன் பக்கத்தில்...

"குமணா!"

சுருண்டு கிடந்தான். சுற்றிலும் வாந்தி. பக்கத்தில் மூன்று கல் அடுப்பு. அதன்மேல் கறுத்துப்போன டீச் சட்டி. காட்டுக்கு வந்தாலும் டீயை விடமாட்டான்!

"அக்கா... சாத்தான்... நெஞ்சுல உக்காந்துருக்கு..."

"உடம்பு சில்லுன்னு இருக்கு மங்கை. முதல்ல சூடா ஏதாவது குடுப்போம்" என்று ஜெரால்டு அதே அடுப்பில் சுள்ளிகளைத் திணித்துப் பற்றவைத்தான். தீ நன்றாகவே பிடித்தது. மங்கை தம்பியின் கையைத் தேய்த்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெரால்டு மூக்கை உறிஞ்சினான். "இந்தக் காட்டுல யாருப்பா பூண்டு வதக்கறது?"

மங்கையின் கை நின்றது. பூண்டு வாசனை! டார்ச்சை அடுப்புக் கற்களின் மேல் திருப்பினாள். உடைந்த இடங்களில் வெள்ளிபோல மினுமினுப்பு. ஓரங்களில் ரோஜா நிறத்தில் மாவு பூத்தாற்போல் ஒரு படலம்.

"ஜெரால்டு, மூச்சை அடக்கு. தீயைக் கலைச்சு விடு. இவனைத் தார்ப்பாய்ல போட்டு இழு!" குரல் உயரவில்லை, ஆனால் அந்தக் குரலுக்குமேல் கேள்வி கேட்க ஜெரால்டுக்குத் தோன்றவில்லை.

துண்டுகளை நனைத்து மூவர் மூக்கிலும் கட்டினாள். அவன் முன்னால் இழுத்தான். அவள் பின்னால் தள்ளினாள். பொந்தில் குமணனின் தோள் சிக்கியது. பையிலிருந்த எண்ணெயைத் தடவி, ஒருக்களித்து, ஒரே இழுப்பு!

வெளியே வெயில்! காற்று! குமணன் இருமினான். பிறகு ஆழமாக மூச்சு விட்டான். அதற்கப்புறம்தான் மங்கைக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஜீப்பை ஓட்டியபடி ஜெரால்டு கேட்டான்: "அப்ப வெள்ளி இல்லையா அது?"

"கோபால்ட்டு. அதோட பாஷாணமும், அதான் ஆர்சனிக், ஒட்டிக்கிட்டிருக்கு. சூடாக்கினா விஷப்புகையா வரும், பூண்டு வாசனையோட. அந்தக் காலத்துல ஜெர்மனி சுரங்கக்காரங்களும் வெள்ளின்னு நெனச்சு இதைத்தான் உருக்கினாங்க. வெள்ளி வரல, விஷம் வந்துச்சு. எல்லாம் கோபோல்டு செஞ்ச வேலைன்னாங்க. அது அவங்க ஊரு குட்டிச்சாத்தான். அந்தப் பேரே உலோகத்துக்கு நிலைச்சுப்போச்சு."

"அந்த உலையைக் கட்டினவனும் இப்படித்தான் சாத்தானைப் பாத்திருப்பான்!"

சில நாள் கழித்து, மங்கையும் ஜெரால்டும் கூட வர, குமணன் நடந்தே வீட்டுக்குள் வந்தான். வாசலில் நின்ற அம்மா அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திட்டினாள். "அந்தப் பாழாப்போன கல்லு பேரைக்கூட இந்த வீட்டுல யாரும் எடுக்கக்கூடாது!"

"அதுதாம்மா நீலக் கண்ணாடிக்கு நெறம் குடுக்குது. என் போன் பேட்டரியில இருக்கு" என்றான் குமணன்.

"இன்னொண்ணு" என்றாள் மங்கை. "உனக்குக் கேன்சர் கட்டி வந்தப்போ கரண்ட் வச்சாங்களே, அந்த மெஷினுக்குள்ள இருந்ததும் ஒரு வகைக் கோபால்ட்டுதாம்மா."

அம்மா குமணன் பக்கம் திரும்பினாள். "அப்படியா... அப்ப அதைத் திட்டக்கூடாது. இவனைத்தான் திட்டணும். என்ன கல்லுன்னு பாக்காம எவனாவது அடுப்பு மூட்டுவானா?"

"இனிமே பாத்துட்டுத்தான் மூட்டுவேன்மா" என்றான் குமணன், நிஜமாகவே.

அம்மா சமையலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து பூண்டு வாசனை வந்தது. மூவரும் ஒரே துள்ளலில் வாசலுக்குப் பாய்ந்தார்கள்!

"எங்கடா ஓடறீங்க? ரசம் கொதிக்குது, வந்து உக்காருங்க!"