கவிழ்த்து வைத்த சிரட்டைகள்

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் ருவான்வெல்லை பஸ்ஸில் வந்து இறங்கி, ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்துப் படிகளில் சப்பாத்தில் சேறு படாமல் ஏறி வந்தான் நிரோஷன். தோளில் லேப்டாப் பை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வாசலில் மாட்டிக்கொள்கிற முகத்தை அவனும் மாட்டியிருந்தான். புஷ்பம் அவனை உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தாள். அவள் மகள் செத்து அன்றைக்கு இருபத்து நான்காவது நாள்.

மகள் கிருஷ்ணகுமாரி காலையில் ரப்பர் பால் வெட்டுவாள், மத்தியானம் போனில் கதை எழுதுவாள். ஏதோ ஒரு கிரகம். அங்கே நாலு கையோடு பிறந்த அடிமைகளைக் களத்தில் இறக்கிச் சண்டை போட விடுவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் இரண்டு வழி இருக்கும். வாசிக்கிறவர் தொடுகிற பக்கம் கதை திரும்பும். ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையான நிரோஷன் கொழும்பில் இருந்தபடி, அவள் அனுப்பியதைப் போன் விளையாட்டாக்கி வெளியிட்டான். 'எழுதியது நிரோஷன்' என்று கூசாமல் போட்டுக்கொண்டான்.

"கடைசிச் சண்டை மட்டும் வந்து சேரலம்மா. அவ போன்லதான் இருக்கும். அது இல்லாட்டி எல்லாம் வீணாப் போயிரும்."

"அவ பேரப் போடுவீங்களா தம்பி?"

அவன் டீயை ஊதினான். "நன்றின்னு ஒரு எடத்துல போடுறேன். எழுதுனவங்க பேர இப்ப மாத்துனா சிக்கலாயிரும்மா."

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். இன்றைக்கே அனுப்பு என்று இவன் நெருக்கியதால்தான், அடைமழையில் சிக்னல் கிடைக்கிற ரப்பர் மரத்தடிக்கு ஓடினாள் குமாரி. மேட்டு மண் சரிந்தது. மார்பு வரை புதைந்தவள் இவனை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். மூன்றையும் துண்டித்துவிட்டு, 'தொந்தரவு பண்ணாத' என்று ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். சேற்றிலிருந்து எடுத்த போனில் எல்லாம் அப்படியே இருந்தது.

புஷ்பம் அந்தப் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இங்க சிக்னல் வராது தம்பி. அவ மரத்துச் செரட்டையில போன நிறுத்தி வச்சாத்தான் அனுப்பலாம். வாங்க, காட்டுறேன்."

சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாதது ஒன்றுதான். பால் வெட்டுகிறவர் செத்தால், அவருடைய மரங்களில் பால் பிடிக்கிற சிரட்டைகளை முப்பத்தோராம் நாள் வரை கவிழ்த்து வைப்பார்கள். அதற்கு முன்னால் நிமிர்த்துகிறவர் தலையில் செத்தவரின் மிச்சமெல்லாம் விழும். அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். குமாரி தன் விளையாட்டிலும் இதையே வைத்திருந்தாள்: தோற்றவனின் கிண்ணத்தை மணலிலிருந்து எடுக்கிறவன் அவனுடைய மிச்சச் சண்டைகளையும் போட வேண்டும். நிரோஷன் அந்த விதியைத் திருடினானே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். புஷ்பம் அதை விழுங்கிக்கொண்டாள்.

ரப்பர் காட்டுக்குள் பகலிலேயே இருட்டு. தூறல் இலைகளில் விழுந்துகொண்டிருந்தது. உறைந்த பாலின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பத்து மரம் தள்ளியே புஷ்பம் குடையோடு நின்றுகொண்டாள். நிரோஷன் போய்ச் சிரட்டையை நிமிர்த்தி, போனை அதில் நிறுத்தினான்.

தூறல் சத்தம் நின்றது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அவன் சட்டைப் பையில் அவனுடைய போன் அடித்தது.

"அம்மா... குமாரி நம்பர்ல இருந்து கால் வருது."

"எடுங்க தம்பி."

அவன் சிரட்டையைப் பார்த்தான். அவள் போன் அங்கேதான் இருந்தது, யாரும் தொடாமல்.

துண்டித்தான்.

மறுபடி அடித்தது. துண்டித்தான்.

மூன்றாவது தடவையும் துண்டித்தான்.

மண்ணுக்கு அடியில் யாரோ நீளமாக மூச்சு இழுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் நின்ற இடத்திலேயே குட்டையாகிக்கொண்டு போனான். முழங்கால். இடுப்பு. மார்பு. ஒரு சருகுகூட அசையவில்லை.

"அம்மா, கையக் குடுங்க."

பத்து மரத் தூரம். புஷ்பம் குடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கை கடைசியாக மறைந்ததும் தூறல் சத்தம் திரும்பி வந்தது. அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். இருபத்து நான்கு நாளாக வெட்டுப்படாத மரத்தின் சிரட்டை நிறைய வெதுவெதுப்பான பால். அதற்குள்ளிருந்து போனை எடுத்து, முந்தானையில் துடைத்தாள்.

பொலிஸ் வந்து விசாரித்தது. வந்தார், டீ குடித்தார், போனார் என்று சிங்களத்தில் சொன்னாள். தோண்டிப் பார்த்தவர்களுக்கு வேர்தான் கிடைத்தது.

அந்தப் போனுக்கு அதன்பிறகு சார்ஜ் போடவே இல்லை. ஆனாலும் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அது வெளிச்சம் காட்டுகிறது. மேலே 'எழுதியது கிருஷ்ணகுமாரி' என்று இருக்கிறது. அதன் கீழே, புதிதாக வந்த நாலு கை வீரன் அன்றைய சண்டையிலும் தோற்று, மார்பு வரை மணலில் புதைந்து, அம்மா அம்மா என்று கெஞ்சுகிறான்.

1. கையைக் கொடு.
2. துண்டி.

புஷ்பம் சோற்றுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து இரண்டாவதைத் தொடுகிறாள்.

உள்ளறையில், மகள் படுத்த கட்டில் பக்கம், நாளைய சண்டையை டைப் அடிக்கிற சத்தம் தொடங்குகிறது.