நடுவில் இல்லாத கறை

கறை நடுவில் இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

வேறு யாராவது என்றால் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள். ரத்காவுக்கு அதுதான் பிழைப்பு. இந்த உருக்காலையின் சோதனைக்கூடத்தில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். முந்தின நாள் வார்த்த பில்லட்டிலிருந்து, அதாவது ஒரு சாண் அகலமுள்ள சதுர உருக்குக் கட்டையிலிருந்து, இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்து அனுப்புவார்கள். அதன் முகத்தை மழமழவென்று தேய்த்து, அமிலத்தில் ஊறிய போட்டோ காகிதத்தை அதன்மேல் படியவைத்து, காற்றுக்குமிழி ஒன்றுகூடத் தங்காமல் உருளையால் அழுத்தி, சற்றுக் காத்திருந்து உரித்தெடுப்பாள். உரிக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவும். கந்தகம் எங்கே கூடியிருக்கிறதோ அங்கே காகிதத்தில் பழுப்புக் கறை விழும். கறை பெரிதென்றால் வார்ப்பு மொத்தமும் தள்ளுபடி. வெட்டிப் பெட்டியில் போட்டு மறுபடி உலைக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்கா இரக்கம் பார்க்கிற ஆள் இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லுவாள்.

அன்றும் கறை பெரிதாகத்தான் இருந்தது. காகிதம் காய்வதற்கு முன்பே போனை எடுத்து, உலோகப் பிரிவுத் தலைவர் நெவிலிடம் தள்ளுபடி என்று சொல்லிவிட்டாள். நெவில் ஒன்றும் வருத்தப்படவில்லை. அதே ரகத்துக்கு இன்னொரு அவசர ஆர்டர் இருக்கிறதாம், பழைய உருக்கு போதவில்லையாம், மதியமே இதை உலைக்கு அனுப்பிவிடலாம் என்றார். போனை வைத்த பிறகுதான் அவள் கறை இருந்த இடத்தைக் கவனித்தாள்.

நடுவில் இருந்திருக்க வேண்டும். உருக்கு வெளியிலிருந்து உள்ளே உறைகிற சாமான். தண்ணீர் சுற்றி ஓடும் செப்பு அச்சுக்குள் இறங்கும்போதே மேல்தோல் கட்டிவிடும்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம். உறைகிற உருக்கு தனக்கு ஆகாததையெல்லாம் இன்னும் இளகி இருக்கும் உள்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். குரோமியமும் நிக்கலும் சேர்த்த ரகங்களில் இது இன்னும் மோசம். கடைசியில் உறைவது நடுப்புள்ளி, ஆகாதது எல்லாம் அங்கே போய்த்தான் மாட்டும். கறை விலகி விழுந்தால், ஏற்கெனவே கெட்டியாகிவிட்ட உருக்கைத் தாண்டி ஏதோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி எதுவும் நகர முடியாது.

ஒரு பக்கத்துத் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும் என்று நினைத்தாள். ஒரு பக்கம் சூடு கூடினால் கறையும் அந்தப் பக்கம் சாயும். வார்ப்புத் தளத்துக்குப் போன் போட்டாள். போர்மேன் கிலிமே எடுத்தான். கிலிமே வெறும் போர்மேன் இல்லை. ரத்காவுக்கும் லாசருக்கும் நடந்த கல்யாணத்தில் தேவாலயத்தில் பக்கத்தில் நின்று கிரீடம் மாற்றியவன், மாசிடோனியக்காரர்கள் சொல்கிற மாதிரி அவர்களுக்கு 'கூம்', கூடப் பிறந்தவனுக்கும் ஒருபடி மேல். அவன் அவளைக் 'கூமா' என்பான், அவள் அவனைக் 'கூமே' என்பாள்.

"எல்லாத் தண்ணியும் சரியாத்தான் வருது, கூமா," என்றான். "நானே பார்த்தேன்."

கேள்வியை அவள் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பிறகு, கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதிரியாரிடம் பேசிவிட்டதாகவும், செத்தவர்களுக்குப் படைக்கும் கோதுமையை அவள் வேகவைக்க வேண்டாம், தன் மனைவியே செய்து கொண்டுவருவாள் என்றும் சொன்னான். ஞாயிறோடு லாசர் போய் ஒரு வருஷம் நிறைகிறது. ரத்கா துக்கத்துக்குப் போட்ட கறுப்பைக் கழற்றும் நாள். அவள் சரி என்று சொல்லிப் போனை வைத்தாள், ஆனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டவளிடம் இவன் எதற்குக் கோதுமையைப் பற்றிப் பேசினான் என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

லாசர் விழுந்தது வார்ப்புத் தளத்தில். கொப்பரையிலிருந்து உருக்கை வாங்கி அச்சுகளுக்குப் பிரித்துவிடும் தொட்டிக்குள். எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆளைத் தின்ற உருக்கை விற்க மாட்டார்கள், உருக்கவும் மாட்டார்கள், மண்ணில்தான் புதைப்பார்கள். இந்தத் தொழிலில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. ஆலை வாசலில் நார்போக் பைன் மரத்தடியில் புதைத்துக் கல்லும் நட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அவள் அங்கே போய், கோதுமையும் ஒரு வாய்ச் சாராயமும் வைத்து, வாரத்தில் நடந்ததையெல்லாம் கல்லிடம் சொல்லிவிட்டு வருவாள். அவன் அங்கே இருக்கிறான் என்பது ஒன்றுதான் அவளை இந்த ஒரு வருஷம் உருப்படியாக நடமாட வைத்தது.

அலமாரியைத் திறந்து பழைய சோதனைக் காகிதங்களை எடுத்தாள். மற்ற ரகங்களில் ஒரு குற்றமும் இல்லை. இன்று வந்த இந்த ஒரு ரகத்தில் மட்டும், மாதத்துக்கு ஒரு வார்ப்பு வீதம் பதினொன்று. பதினொன்றிலும் கறை. பதினொன்றிலும் அவள் கையால் போட்ட தள்ளுபடி முத்திரை. மேஜையில் தேதி வாரியாக அடுக்கினாள். ஜன்னல் வழியே ஜூலை மாதத்து வெயில் சரிந்து விழுந்தது, கடல் பக்கமிருந்து தெற்குக் காற்று கண்ணாடியை ஆட்டியது, கழுவுத் தொட்டியில் அமிலம் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. முதல் காகிதத்தில் கறை சரியாக நடுவில், உருண்டையாக இருந்தது. மூன்றாவதில் ஒரு நூல் விலகியிருந்தது. ஆறாவதில் ஒரு விரற்கடை. எப்போதும் ஒரே பக்கம்தான், பில்லட்டில் வார்ப்பு எண் குத்தியிருக்கும் பக்கம். இத்தனை மாதமும் கறையின் அளவை மட்டும் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறாள். அது இருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. அழுது வீங்கின கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

முதல் காகிதத்தின் தேதியைப் பார்த்தாள். லாசர் விழுந்து மூன்றாவது வாரம்.

விலையுள்ள உலோகம் சேர்த்த பழைய உருக்கைக் கண்ட பெட்டியில் போட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ரகத்துக்கு ஒரு பெட்டி. இந்த ரகம் இந்த ரகத்துக்குள்ளேயே சுற்றும், வெளியே போகாது. அன்று லாசர் விழுந்த தொட்டியில் ஓடிக்கொண்டிருந்ததும் இந்த ரகம்தான்.

அதற்குள் இன்றைய காகிதம் காய்ந்திருந்தது. ஈரத்தில் தெரியாத மெல்லிய கோடுகள் இப்போது தெரிந்தன. கறையிலிருந்து கிளம்பி ஓரம் வரைக்கும் போயிருந்தன. ஐந்து கோடு. நாலு நீளம், ஓரத்திலிருந்து இரண்டாவது மட்டும் குட்டை.

லாசருக்கு வலதுகை ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது, வாலிபத்தில் வெட்டுக் கத்தி எடுத்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்து போகும்போது அந்தக் குட்டை விரலால் இதே ஜன்னலில் இரண்டு தட்டுத் தட்டுவான். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். காகிதத்தில் இருந்தது இடதுகை. காகிதத்தில் எல்லாம் இடம் வலமாக மாறித்தான் விழும்; உருக்கில் இருப்பது வலதுகை. காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டுக் கிலிமேயைத் தேடிப் போனாள்.

கிலிமே ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வாசலில் அவள் நிற்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். அவள் உட்காரவில்லை.

"கல்லுக்கு அடியில என்ன இருக்கு, கூமே?"

"என்ன கேள்வி இது? லாசர் இருக்கான்."

"எவ்வளவு?"

கிலிமே கோப்பையைக் கீழே வைத்தான்.

"ரெண்டு டன்," என்றான்.

"தொட்டியில பதினெட்டு டன் இருந்துச்சு."

"கீழ பாறை, கூமா. குழி இறங்கல. பாதிரியார் வந்து நின்னுட்டார், நீ கறுப்பு கட்டிட்டு வந்து நின்னுட்டே. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்னாங்க." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்புறம் யாரும் பார்க்கல. நல்ல நிக்கல், நல்ல குரோமியம்... வெட்டி அந்தப் பெட்டியிலயே போடச் சொன்னாங்க."

"யாரு வெட்டுனது?"

"நான்தான்."

அவன் முகத்தில் அறைய வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அறையவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்று மண்டைக்குள் உறைத்துவிட்டது. கிலிமே அவனைப் பெட்டியில் போட்டது ஒரு தடவை. உருகி, அச்சில் இறங்கி, தோல் கட்டி, உள்ளே நெருக்கித் தள்ளப்பட்டு, உறைந்து, அறுபட்டு அவன் வந்து நின்றபோதெல்லாம் தள்ளுபடி என்று முத்திரை குத்தி நெருப்புக்கே திருப்பி அனுப்பியவள் அவள். பதினொரு தடவை. அவன் ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தான். மாதத்துக்கு ஒரு நூலாக, கெட்டி உருக்கைக் கிழித்துக்கொண்டு, வெளியே வந்துகொண்டிருந்தான்.

காலையில் போட்ட போனோடு பன்னிரண்டு.

ஓடினாள்.

பில்லட் ஆறப்போடும் மேடை ஆலையின் மறுகோடியில், உலைக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே கிரேன் ஓடும் சத்தம். எண்ணெய் நாற்றம், சூட்டுத் தூசி, உடைந்த கூரைத் தகடுகளின் வழியே பட்டை பட்டையாக வெயில். நெவிலுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. பின்னால் கிலிமே கத்திக்கொண்டே வந்தான். என்ன கத்தினான் என்று கேட்கவில்லை.

மேடை காலி. எல்லாம் பெட்டிக்குப் போயாயிற்று. பெட்டி உலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு துண்டு கிடந்தது. இரண்டு முழ நீளம் இருக்கும். அவளுக்குச் சோதனைக்கு அறுத்துக் கொடுத்த அதே பில்லட்டின் மிச்சம். மேலே சிவப்புப் பெயிண்டில் தள்ளுபடிக் குறி.

அந்தப் பக்கம் சுற்றி வந்தாள். எண் குத்திய பக்கம்.

எண்ணுக்குக் கீழே மேல்தோலின் செதில் உதிர்ந்திருந்தது. அங்கே ஐந்து மேடு. அடித்து ஒடுங்கினது இல்லை. உள்ளேயிருந்து தள்ளினது. நாலு நீளம்.

ஒன்று குட்டை.

கையுறையைக் கழற்றினாள். மேடுகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தன் விரல்களை வைத்தாள். நேற்றுக் காலை வார்த்தது. குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. உடம்புச் சூடு.

"லாசர்," என்றாள்.

பின்னால் பெட்டியின் அடிவாய் திறந்தது. மொத்தமும் உலைக்குள் சரிந்தது. மூடி நகர்ந்தது. மின்பொறி பிடித்தது. அந்த இரைச்சலில் தரை அதிர்ந்தது.

அவள் விரல்களின் மேல் உருக்கு மடங்கியது.

சூடு பட்டவன் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்கிற பிடி அது. எலும்பு நொறுங்கும் பிடி. இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். விடவில்லை.

உள்ளேயிருந்து தட்டு. இரண்டு.

மறுபடி இரண்டு.

கிலிமே மேலே பார்த்துக் கையை ஆட்டினான். கிரேன்காரனின் கூண்டுக் கண்ணாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

சங்கு ஊதியது.

அவள்மேல் விழுந்துகொண்டிருந்த வெயில் மறைந்தது. அண்ணாந்து பார்த்தாள். கடைசித் துண்டை எடுத்துப்போகக் கிரேனின் காந்தம் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.