காந்தத்துக்கு எதிர்ப்பக்கம்

காந்தம் குப்பியின் இடப்பக்கம் இருந்தது. உள்ளே இருந்த கறுப்புத் திரவமோ வலப்பக்கக் கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நின்ற பக்கம்.

அந்தத் திரவம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள். காற்றுப் பட்டால் வீணாகிவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கண்ணாடிப் போர்வை போர்த்தி, சாராயத்தில் கழுவிக் கழுவி, மாதக்கணக்காக அந்த ஆய்வகத்தில் அவள் பொத்திப் பொத்தி வளர்த்தவை. காந்தத்தைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டவேண்டும். அவற்றுக்கு வேறெதுவும் தெரியாது.

அவள் மேசையைச் சுற்றி மறுபக்கம் போனாள். காற்றுப்போக்கி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மழைமேகம் பகலைச் சாம்பலாக்கியிருந்தது. அந்த மங்கலில், கறுப்பு கண்ணாடியைத் தடவியபடி மெல்ல ஊர்ந்து, காந்தத்தைக் கடந்து, மறுபடி அவள் முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, கொஞ்சம் வாங்களேன்."

அடுத்த மேசையிலிருந்து மூத்த ஆய்வாளர் வந்து குனிந்து பார்த்தார். அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது அசையவில்லை.

"உன்மேல பாசம் போலிருக்கும்மா," என்று சிரித்தார்.

அவள் கையை நீட்டினாள். குப்பியே மேசைமேல் நகக்கண் அளவு அவளை நோக்கி நகர்ந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"முகமூடி இல்லாம பொடியைத் தொட்டியா?"

"திரவத்தைப் பொடியாக் காயவச்ச அன்னிக்கு மூடி தெறிச்சுதுண்ணே. மேல கொஞ்சம் பட்டுச்சு."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினாள். பாதி வழியில் அந்த நாள் நினைவுக்கு வந்தது. உடை மாற்றாமல் வீட்டுக்குப் போய், வாசலிலேயே மகளை அள்ளி முத்தமிட்டிருந்தாள். வண்டியை வீட்டுப்பக்கம் திருப்பினாள்.

சமையலறையில் கணவன் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா அங்கயே நிக்கிறே?" வாசற்கதவருகே நின்றவளைப் பார்த்து மகள் கேட்டாள்.

"அப்படியே இரு செல்லம். கிட்ட வராதே."

குழந்தைக்கு அது விளையாட்டாகப் பட்டது. எழுந்து ஓடி வந்தாள். இவள் பின்வாங்கினாள். முதுகில் கதவு. மிக்ஸி நின்றது. தடுக்க நீட்டிய கை. அதற்கு எதிரே சின்னக் கன்னம்.

"குறுகுறுங்குதும்மா," என்று சிரித்தாள் மகள்.

கழுத்திலிருந்து கன்னம்வரை, தோலுக்கு அடியில், மயிரிழை போன்ற கறுப்பு முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து, அம்மாவின் விரல்களை நோக்கிச் சாய்ந்தன.